பள்ளி நூலகமும் இணையவழிக் கல்வியும்: நம் ஜமாஅத்தின் முன்னுள்ள ஒரு தீர்மானம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

எல்லாப் புகழும் ஏக இறைவனுக்கே. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

சென்ற பொதுக்குழுவில் அங்கத்தினர் சிலர் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். கல்வி நிதியில் சேர்ந்துள்ள தொகையைக் கொண்டு, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஆளுக்கொரு டேப்லெட் வாங்கிக் கொடுத்துவிடலாம். உலகத்துப் பாடங்களெல்லாம் அதில் இலவசமாகக் கிடைக்கின்றன என்பது அவர்களுடைய வாதம். நல்ல எண்ணத்தில் பிறந்த யோசனை அது. அதனை ஆராய்ந்து கருத்துரைக்கும் பொறுப்பு கல்விக் குழுவாகிய எங்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீடுகளுக்கு டேப்லெட் வேண்டாம். அத்தொகையின் ஒரு பகுதியைக் கொண்டு, நம் பிள்ளைகள் படிக்கும் அரசுத் தொடக்கப்பள்ளியின் நூலக அறையை மாலை நேரத்தில் திறந்து வைக்க வேண்டும். அங்கே ஒரு திரையும், அந்தத் திரைக்கு அருகில் பொறுப்பான ஓர் ஆளும் இருக்க வேண்டும். இந்த முடிவுக்கு எப்படி வந்தோம் என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

நாம் வாழும் வட்டாரத்தைப் பற்றி நமக்கே நாம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் ஒரு முரணை மட்டும் இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர்போன சிவகாசி, அச்சுத் தொழிலாலும் பெயர் பெற்ற ஊர். நாட்டின் பல மாநிலங்களுக்குக் காலண்டரும் டைரியும் நோட்டுப் புத்தகமும் பாடப்புத்தகமும் இங்கிருந்து அச்சாகிச் செல்கின்றன. குட்டி ஜப்பான் என்று பெயர் சூட்டிப் பெருமைப்படுகிறோம். ஆனால் அதே ஊரைச் சுற்றியிருந்த கிராமங்களில், ஒரு தலைமுறைக் காலம், பிள்ளைகளின் விரல்கள் புத்தகத்தைப் புரட்டியதைவிடக் குச்சி அடுக்கியதும் பெட்டி ஒட்டியதும்தான் அதிகம். இந்தச் சபையில் அமர்ந்திருக்கும் ஐம்பது வயதைக் கடந்தவர்களுள் எத்தனை பேர் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறியவர்கள் என்று கேட்டால், கைகள் பல உயரும்.

1986ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிற்சாலைகளின் குழந்தைத் தொழிலாளர் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தையைச் சட்டத்திற்கு மாறாக வேலைக்கு வைத்த முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நல நிதியில் செலுத்த வேண்டும் என்றது அத்தீர்ப்பு. சிறப்புப் பள்ளிகள் நடந்தன. அல்ஹம்துலில்லாஹ், இன்று நம் மஹல்லாவில் பள்ளி செல்லும் வயதில் வேலைக்குப் போகும் பிள்ளை இல்லை. அந்தப் போராட்டத்தில் வென்றோம் என்றே சொல்லலாம்.

ஆனால் பள்ளிக்குப் போவது வேறு, படிக்கக் கற்பது வேறு. 2001 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு, மாநிலச் சராசரியோ 73.5. இந்த எண்களை மேடைதோறும் சொல்லி மகிழ்ந்த காலம் ஒன்றிருந்தது. அது பெரியவர்களின் கணக்கு. எட்டு வயதுப் பிள்ளையின் நிலை என்ன? நாடு முழுவதும் ஊரகப் பகுதிகளில் எடுக்கப்படும் ஏசர் ஆய்வு, மூன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசிக்கிறதா என்று சோதிக்கிறது. தமிழ்நாட்டில் 2018இல் ஏறக்குறையப் பத்தில் ஒரு பிள்ளைதான் வாசித்தது. கொரோனாவுக்குப் பின், 2022இல், அது இருபதில் ஒரு பிள்ளை என்ற அளவுக்குத் தாழ்ந்தது. 2024 ஆய்வில் மீட்சி தென்பட்டது உண்மை. எனினும் நிம்மதி கொள்ளும் நிலை அதுவன்று.

இணையத்தில் என்ன இல்லை என்று கேட்கும் அளவுக்கு இன்று எல்லாம் இருக்கிறது. நாங்கள் சில மாதங்கள் அமர்ந்து, தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு உகந்தவற்றைத் தேடிப் பார்த்தோம். 2018இல் புதிய பாடத்திட்டம் வந்ததிலிருந்து தமிழகப் பாடநூல்களில் சதுரமான கருப்பு வெள்ளைக் குறியீடு ஒன்று அச்சிடப்பட்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். கியூஆர் குறியீடு என்பது அதன் பெயர். கைப்பேசியை அதன்மேல் காட்டினால், மத்திய அரசு 2017இல் தொடங்கிய தீக்ஷா தளத்தின் வழியாக, அந்தப் பாடத்திற்குரிய காணொலியோ பயிற்சியோ திறக்கும். இந்தச் சதுரம் எதற்கு என்று நம் மஹல்லாவின் தாய்மார் சிலரிடம் கேட்டோம். விலைப்பட்டி என்று ஒருவர் சொன்னார். பணம் அனுப்புவதற்கா என்று மற்றொருவர் கேட்டார். அவர்களைக் குறை கூற எங்களுக்கு மனமில்லை. எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

கல்வித் தொலைக்காட்சி 2019இல் தொடங்கப்பட்டது. அதன் பாடங்கள் யூடியூபிலும் உள்ளன. பெரிய வகுப்பு மாணவர்களுக்குப் பயன் தரும். ஆறு வயதுக் குழந்தை அரைமணி நேரம் ஒரு விரிவுரையைப் பார்த்துக்கொண்டிருப்பது படிப்பாகாது என்பது எங்கள் கருத்து. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல் செய்துவரும் பணி பெரிது. அதன் மின்னூலகம் ஆசிரியர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் பெருந்துணை. மாதத் தவணையில் பணம் வாங்கும் கற்றல் செயலிகள் பல உண்டு. அவற்றைப் பற்றி எங்களிடம் ஆலோசனை கேட்டு வருகிற பெற்றோருக்கெல்லாம் ஒரே பதில்தான் தருகிறோம்: வேண்டாம்.

எங்களை மிகவும் கவர்ந்தது வேறொன்று. பிரதம் புக்ஸ் என்னும் குழந்தை நூல் வெளியீட்டு அறக்கட்டளை, 2015 செப்டம்பர் 8ஆம் நாள், உலக எழுத்தறிவு நாளன்று, ஸ்டோரிவீவர் என்ற தளத்தைத் தொடங்கியது. படங்களோடு கூடிய சிறுவர் கதை நூல்கள் ஆயிரக்கணக்கில் அங்கே உள்ளன, தமிழிலும் ஏராளம். எழுத்துக் கூட்டத் தொடங்கும் பிள்ளைக்கு ஒரு படி, சிறு வாக்கியங்களை வாசிக்கும் பிள்ளைக்கு அடுத்த படி என வாசிப்பின் படிநிலைகளாக அவற்றை வகுத்து வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றினும் மேலாக, திறந்த உரிமத்தில் அவை வெளியிடப்படுகின்றன. எழுதியவர், படம் வரைந்தவர், வெளியிட்டவர் பெயர்களை முறையாகக் குறிப்பிட்டால் எவரும் இறக்கிக்கொள்ளலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம்.

அச்சிடலாம் என்று படித்தவுடன் எங்கள் குழுவில் அச்சகத் தொழிலில் இருக்கும் சகோதரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆடிப்பெருக்கில் காலண்டர் ஆல்பம் வெளியாவதிலிருந்து டிசம்பர் முடியும்வரை நம் அச்சகங்களுக்கு மூச்சுவிட நேரமிராது. அந்த வேலை முடிந்தபின், பெரிய தாள்களில் வெட்டியது போக மிஞ்சும் ஓரத்தாளில் பதினாறு பக்கக் கதை நூல்களை அச்சிட்டுத் தர முடியும் என்கிறார் அவர். இணையத்தில் இருக்கும் நூல் தாளாகிப் பிள்ளையின் கையில் வந்து சேர, சிவகாசியைவிட எளிதான ஊர் இந்தியாவில் உண்டா? இணையவழிக் கல்வி என்றவுடன் எல்லாம் கண்ணாடித் திரையிலேயே நடந்தாக வேண்டும் என்று எண்ணிக்கொள்கிறோம். அப்படி ஒரு கட்டாயமும் கிடையாது.

ஆக, பொருளுக்குப் பஞ்சமில்லை. பள்ளியில் திரைக்கும் பஞ்சமில்லை. 2024இல் தமிழக அரசு தொடக்கப் பள்ளிகளில் 22,000க்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகளை அமைக்கத் தொடங்கியது; தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஏறக்குறைய 80,000 டேப்லெட்டுகளையும் வழங்கியது. அப்படியானால் குறை எங்கே இருக்கிறது?

இதற்கு விடை தேடும்போது இரண்டு செய்திகள் எங்கள் கண்ணில் பட்டன. முதலாவது, தமிழ் பேசும் கடலோரச் சிற்றூரான காளிக்குப்பத்தில் நடந்த ஓர் ஆய்வு. சுகதா மித்ரா என்னும் கல்வி ஆய்வாளர் 1999இல் டெல்லியின் கால்காஜியில் ஒரு சுவரில் துளையிட்டு அதில் கணினியைப் பதித்து வைத்தார். சேரிப் பிள்ளைகள் யாரும் கற்றுத்தராமலே அதை இயக்கப் பழகினார்கள். பின்னர் அவரும் ரிது தங்வாலும் காளிக்குப்பத்தில் 10 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளிடம், அதுவும் ஆங்கிலத்தில், மூலக்கூறு உயிரியலைக் கணினி வழியே கொடுத்துப் பார்த்தனர். ஆசிரியர் கிடையாது. இரண்டு மாதங்களுக்கு மேல் சென்றபின் சோதித்தபோது, மிகச் சொற்பமாக இருந்த மதிப்பெண் 30 விழுக்காடு அளவுக்கு உயர்ந்திருந்தது. இச்செய்தியைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். கருவி இருந்தால் போதும், ஆசிரியரே வேண்டாம் என்று முழங்குகிறார்கள். கதை அதோடு முடியவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கனவே பழக்கமான ஓர் இளம்பெண்ணை அடுத்து அவர்களோடு இருக்கச் செய்தார்கள். அவருக்கு உயிரியல் தெரியாது. ஒரு பாட்டி பேரப்பிள்ளைகளிடம் நடந்துகொள்வது போல, அருகில் நின்று, இது என்ன, எப்படிச் செய்தாய் என்று வியந்து கேட்பது மட்டுமே அவர் பணி. மதிப்பெண் 50 விழுக்காடு அளவுக்கு ஏறியது. டெல்லியின் வசதியான தனியார் பள்ளி மாணவர்களுக்கு இணையாக அவர்கள் வந்து நின்றார்கள். 2010இல் இந்த ஆய்வு வெளியாயிற்று.

இரண்டாவது செய்தி நாம் நேரில் கண்டது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்தக் காலத்தில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் இருந்தன; பாடங்கள் ஒளிபரப்பாயின; ஆயினும் பிள்ளைகள் பின்தங்கினார்கள். பின்பு இல்லம் தேடிக் கல்வி வந்தது. தெருவில் படித்த ஒரு பெண், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை இருபது பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்கச் சொன்னார். தமிழகக் கிராமங்களில் பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வில், இழந்த கல்வியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டது தெரியவந்தது. அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் விளைந்தது என்று அவர்கள் கணித்தார்கள். நம் தெருவிலும் ஒரு சகோதரி அந்தப் பணியைச் செய்தார். மழைநாளில் தம் வீட்டு முன்னறையில் பிள்ளைகளை உட்கார வைத்தார். அவரை இந்த மேடையில் நாம் ஒருமுறையேனும் கௌரவித்ததில்லை என்பதை நிர்வாகத்தின் கவனத்திற்குக் கொண்டுவருகிறோம்.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் டேப்லெட் யோசனையின் பலவீனம் விளங்கும். நம் வீடுகளின் மாலைப்பொழுது எப்படி இருக்கிறது? பட்டாசு ஆலைக்குப் போகும் தாய் வெயிலுக்கு முன்பே வேன் ஏறிவிடுகிறார். திரி வெட்டியோ சரம் பின்னியோ களைத்துத் திரும்பியவரிடம், பிள்ளையோடு உட்கார்ந்து கதை கேளுங்கள் என்று அறிவுரை கூறுவது எளிது. பள்ளி விட்டு வந்த பிள்ளை மஃரிப் வரை தனியாக இருக்கிறது. அந்தத் தனிமையில் கையில் ஒரு கருவியையும் கொடுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதை, வீட்டில் கைப்பேசி வைத்திருக்கும் எவரும் அறிவர். மேலும் ஒரு வீட்டில் ஒரு கருவி, மூன்று பிள்ளைகள் என்றால், அது யார் கையில் இருக்கும்? மூத்த ஆண்பிள்ளை கையில்தான் இருக்கும். ஏழு வயதுத் தங்கைக்கு அது எட்டாது.

நூலகம் அப்படியன்று, அங்கே வைத்த பொருள் எல்லோருக்கும் பொது. நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் நூல்கள் பயன்பாட்டிற்கே என்பதை முதல் விதியாக வைத்துத் தம் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டது 1931இல். அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் எஸ்.வி. கனகசபை பிள்ளை அவர்கள் ஒரு மாட்டுவண்டியில் நூல்களை அடுக்கிக் கிராமங்களுக்கு அனுப்பினார். வண்டிக்காரரும் நூலகரும் சேர்ந்து சென்றால்தான் அது நூலகம். வண்டி மட்டும் போனால் அது பாரம். நம் பள்ளியில் நூல்கள் உள்ளன. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் தொடக்கப்பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை நூலக மானியத்திற்கு இடமளித்தன. புத்தகம் பீரோவில் இருக்கிறது, சாவி தலைமையாசிரியர் மேசையில் இருக்கிறது. ஐந்து வகுப்புகளையும் சில ஆசிரியர்களே பார்த்துக்கொள்ளும் இடத்தில், அந்தப் பீரோவைத் திறந்து உட்கார அவர்களுக்கு நேரம் ஏது?

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போரில் பிடிபட்ட மக்கத்துக் கைதிகளுள், ஈட்டுத்தொகை கொடுக்க இயலாத, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் விதித்த ஈடு என்னவென்று நாம் அறிவோம். மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்க வேண்டும், கற்பித்தால் விடுதலை. ஒருவருக்குப் பத்துப் பிள்ளைகள் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். அப்படிக் கற்ற சிறுவர்களுள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் ஒருவர் என்று கூறப்படுகிறது; பிற்காலத்தில் திருக்குர்ஆனைத் தொகுக்கும் பணி அவர்களிடம்தான் ஒப்படைக்கப்பட்டது. பொன்னும் ஒட்டகமும் தேவைப்பட்ட வறிய நாளில், பிள்ளைகளோடு அமர்ந்து கற்பிக்கும் நேரம் பொன்னுக்கு ஈடாக ஏற்கப்பட்டது. எங்கள் பரிந்துரைக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் எங்களிடம் இல்லை.

இனி நடைமுறை. பள்ளி வேலை நாட்களில் மாலை 4.15 முதல் 5.30 வரை நூலக அறை திறந்திருக்கும். மக்தப் மதரஸா மஃரிபுக்குப் பிறகு என்பதால் குறுக்கீடு இராது. பட்டம் பெற்று வீட்டிலிருக்கும் நம் சகோதரிகளுள் ஒருவர் பொறுப்பேற்பார். மாதம் 3,000 ரூபாய் மதிப்பூதியம். ஆண்டுக்கு 36,000 ஆகிறது. பத்தாயிரம் ரூபாய் விலையுள்ள டேப்லெட் நான்கு வாங்கும் பணத்தில் இந்த அறை ஓராண்டு இயங்கும். நன்கொடையாகக் கிடைக்கும் ஒரு பழைய மடிக்கணினி போதும். பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் இணைய இணைப்பு இராது. வேண்டிய கதைகளையும் காணொலிகளையும் பொறுப்பாளர் முன்கூட்டியே பார்த்து, தேர்ந்து, இறக்கி வைப்பார். திரை வாயிலை நோக்கியிருக்கும். நடந்துபோகும் எவரும் பார்க்கலாம். இணையம் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று அஞ்சும் பெரியோர்களின் கவலையை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. அந்தக் கவலைதான் இந்த ஏற்பாட்டுக்கு வடிவம் கொடுத்தது.

முதல் அரைமணி, ஒரு கதையைத் திரையில் எல்லோரும் சேர்ந்து வாசிப்பது. பிறகு அதே கதையின் அச்சுப் பிரதியைப் பிள்ளை தானே வாசிப்பது. பாடநூலின் கியூஆர் குறியீட்டைத் திறக்கும் முறையை மாதம் ஒருமுறை தாய்மார்களுக்குக் காட்டுவது. தேர்வோ மதிப்பெண்ணோ வீட்டுப்பாடமோ அங்கே கிடையாது.

அரசுப் பள்ளி என்பதால் தலைமையாசிரியரின் ஒப்புதலும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் தேவை. அக்குழுவில் நம் பெற்றோர் இருக்கிறார்கள். ஆனால் கூட்டத்திற்குப் போவதில்லை. போக வேண்டும். பொருளாக அளிப்பவற்றை 2022இல் அரசு தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளித் திட்டத்தின் வழியே முறைப்படி அளிக்கலாம்.

இரண்டு ஐயங்கள் எங்களிடம் எழுப்பப்பட்டன. முதலாவது, ஜகாத் நிதியைப் பயன்படுத்தலாமா என்பது. உலமாக்களோடு கலந்து, அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துள்ளோம். அது உரியவர்களின் கையில் சேர வேண்டிய பொருள். பொது நன்கொடையிலிருந்து மட்டுமே இச்செலவு செய்யப்படும். இரண்டாவது, அந்தப் பள்ளியில் பிற சமுதாயத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்களே, ஜமாஅத் பணத்தில் அவர்களுக்கும் ஏன் என்பது. பட்டாசு ஆலையில் ஒரே கூரையின்கீழ் நம் தாய்மாரும் அவர்கள் தாய்மாரும் அமர்ந்து வேலை செய்கிறார்கள். ஒரே வேனில் வருகிறார்கள். அவர்கள் பிள்ளைகளை வாசலில் நிறுத்திவிட்டு நம் பிள்ளைகளை மட்டும் உள்ளே அழைக்கும் அறையை நடத்த எங்களால் இயலாது. அப்படி நடத்தச் சொன்னால் இக்குழு பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளும் என்பதையும் பணிவோடு தெரிவிக்கிறோம்.

நமக்கு அருகிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு வீடு சமைக்கும்போது எடுத்து வைத்த பிடி அரிசியால் வளர்ந்த பள்ளி. அங்கு படித்த சிறுவர் முதலமைச்சராகி 1956இல் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார். அன்று அந்தச் சமுதாயத்தார் அரிசியாகக் கொடுத்ததை நாம் நேரமாகக் கொடுக்கலாம் என்று எண்ணுகிறோம். மதிப்பூதியம் ஒருவருக்குத்தான். ஆனால் வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம் வந்து, பிள்ளை வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்க இன்னும் பதின்மர் வேண்டும். படித்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. கணக்கும் ஆங்கிலமும் தெரியாத பாட்டிமார் வந்தாலும் நல்லது. அடுத்து என்ன ஆயிற்று என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

ஆண்டு இறுதியில், எத்தனை பிள்ளைகள் ஒரு பக்கத்தைத் தடையின்றி வாசிக்கிறார்கள் என்ற கணக்கைத் தொடக்க நாள் கணக்கோடு சேர்த்து இந்த மலரிலேயே வெளியிடுவோம், இன்ஷா அல்லாஹ். எண் கூடவில்லையெனில் அதையும் மறைக்காமல் அச்சிடுவோம். அப்போது டேப்லெட் யோசனையைப் பொதுக்குழு மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.

தீர்மானத்தின் படி உங்கள் கையில் உள்ளது. மாற்றுக் கருத்துடையோர் இப்போதே எழுந்து பேச வேண்டுகிறோம். வாரத்தில் ஒரு மாலையைத் தர முன்வருவோருக்காகப் பள்ளிவாசல் அலுவலகத்தில் ஒரு குறிப்பேடு வைக்கப்பட்டுள்ளது. பெண்கள் தம் பெயரை வீட்டார் மூலமாகவோ நேரிலோ பதியலாம்.